வீட்டுக்கோழி, பக்கத்து வீட்டுப் புகார், ஊர்ச் சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டோடு நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள், வைக்க ஆசைப்படுபவர்கள், பக்கத்து வீட்டுச் சேவலால் தூக்கம் கெட்டவர்கள் என மூன்று தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது தமிழ்நாட்டு நகரங்களுக்கும் புறநகர்களுக்கும் பொருந்தும். நான் பார்த்த வரையில், வீட்டில் கோழி வளர்ப்பு சட்டத்தால் நின்றுபோவது அபூர்வம். சத்தம், நாற்றம், வேலி தாண்டுவது ஆகிய மூன்றால்தான் நின்றுபோகிறது. அதனால் இங்கே சட்டத்தைவிடக் கூண்டைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

டவுனுக்குள்ள கோழி வளர்க்கலாமா? லைசென்ஸ் ஏதாவது வாங்கணுமா?

வளர்க்கலாம். வீட்டில் கோழியே இருக்கக் கூடாது என்று மாநிலம் முழுவதற்குமான தடை எதுவும் இல்லை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 பொருந்தும். அது 2023 ஏப்ரலில் அதற்கான விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. கிராமங்களுக்கு ஊராட்சிகள் சட்டம், 1994. குடியிருப்புப் பகுதியில் விலங்கு வளர்ப்பதை ஒழுங்குபடுத்தவும், சுகாதாரக் கேடு இருந்தால் அகற்றச் சொல்லவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. உரிமம், கட்டணம் எந்த விலங்குக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் எல்லோரும் பேசுகிற செல்லப்பிராணி உரிமம் நாய், பூனைக்கானது.

உங்கள் ஊரில் என்ன நிலை என்று தெரிய வேண்டுமா? உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் சார்" என்று ஒருவர் சொல்வது நாளைக்கு அவர் மாறுதலாகிப் போனால் உதவாது. பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எத்தனை கோழி வரைக்கும் வீட்டுக்கோழி? எதுக்கு மேல போனா பண்ணைன்னு சொல்லுவாங்க?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோழிப்பண்ணை வழிகாட்டுதல்கள் 5,000 கோழிக்கு மேல் உள்ளவர்களிடம்தான் இசைவாணை (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி) கேட்கின்றன. உங்கள் ஆறு கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாராவது அந்த விதியைக் காட்டிப் பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள்.

எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் இடம். இரவு அடையும் கூண்டில் ஒரு கோழிக்கு 2 முதல் 3 சதுர அடி, பகலில் மேய 8 முதல் 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர் ஒட்டிய அரை கிரவுண்டு வீட்டுக்கு ஐந்தாறு பெட்டைக்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை. இடம் நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும், எச்சம் காயாது, புகார் தானாக வரும்.

சேவல் இல்லாம பெட்டை முட்டை வைக்குமா?

வைக்கும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்க மட்டும்தான் தேவை. சேவல் இல்லாத வீட்டு முட்டை சுவையிலும் சத்திலும் குறைந்ததல்ல. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

குஞ்சு வேண்டுமென்றால், கிராமத்தில் சொந்தக்காரர்களிடமிருந்து கருமுட்டை வாங்கி அடைக்கு உட்கார்ந்த பெட்டைக்கு வைத்துவிடுங்கள். 21 நாளில் குஞ்சு. முட்டைதான் முக்கியம் என்றால் நாட்டுப் பெட்டையைவிட கிராமப்பிரியா போன்ற ரகம் இரண்டு மடங்குக்கு மேல் இடும், ஆனால் அது அடைக்கு உட்காராது. பொரிக்க வைக்கச் சிறுவிடை போன்ற ஒரு நாட்டுப் பெட்டையும் கூட இருந்தால் போதும்.

சேவல் விடியக்காலை மூணு மணிக்கே கூவுது. பக்கத்து வீட்டு அண்ணன் தினம் சண்டைக்கு வர்றார். கூண்டை மூடி வச்சா நிக்குமா?

முழுதாக நிற்காது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், எந்நேரமும் ஒரே மங்கிய வெளிச்சத்தில் வைத்த சேவல்களும் விடியும் நேரத்துக்கு முன்பே கூவின. உடம்புக்குள் ஓடும் கடிகாரம்தான் காரணம். அதே குழு பிறகு கண்டது இன்னும் பயனுள்ளது: கூட்டத்தில் எல்லாவற்றையும் அடக்கி முதலிடத்தில் இருக்கும் சேவல் முதலில் கூவும், மற்றவை தத்தம் வரிசைப்படி அதைத் தொடரும். அதாவது இரண்டு சேவல் வைத்தால் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று மட்டும் வையுங்கள்.

வெளிச்சம், தெருவிளக்கு, பக்கத்துத் தெருச் சேவலின் குரல் இவையும் கூவலைத் தூண்டுவதால், இருட்டான கெட்டிச் சுவர்க் கூண்டு ஓரளவு குறைக்கும். கூண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். மாடியில் வைத்தால் சத்தம் நாலு வீட்டுப் படுக்கையறைக்குள் நேராக இறங்கும். தரையில், உங்கள் சொந்தப் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்களால் தூங்க முடியவில்லை என்றால் அவராலும் முடியாது. கோடையில் காற்றுப் புகாத பெட்டிக்குள் இரவெல்லாம் அடைக்காதீர்கள், சேவல் வெக்கையில் செத்துவிடும். கூவாமல் இருக்கக் கழுத்தில் கட்டும் பட்டையையும் நான் வேண்டாம் என்பேன். கொஞ்சம் இறுகினாலும் மூச்சு முட்டும்.

என் தீர்மானமான கருத்து: சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் சேவல் வேண்டாம். வயதானவர், இரவு வேலைக்குப் போய்வந்து தூங்குபவர், கைக்குழந்தைக்காரி ஒருவராவது பக்கத்தில் இருப்பார். அவர்கள் கேட்பது நியாயம்.

சேவல் கூவினதுக்காக ஒரு அதிகாரி உத்தரவு போட முடியுமா? நம்பவே முடியலையே.

போட்டிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம் அடூரில், அதிகாலை 3 மணிக்குக் கூவும் சேவலால் தூக்கம் போகிறது என்று முதியவர் ஒருவர் கோட்டாட்சியரிடம் புகார் கொடுத்தார். விசாரித்துப் பார்த்துவிட்டு, மாடியில் இருந்த கூண்டை 14 நாளுக்குள் மனையின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கோழி வளர்க்காதே என்று சொல்லவில்லை, கூண்டை நகர்த்து என்றுதான் சொன்னார்கள். அதை நீங்களே முதலில் செய்துவிட்டால் உத்தரவுக்கு வேலையில்லை.

நாத்தம் அடிக்குதுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா?

தினமும் அதிலேயே புழங்குபவர் மூக்குக்குப் பழகிவிடும். இரண்டு நாள் வெளியூர் போய்வந்து நேராகக் கூண்டுக்குப் போய் முகர்ந்து பாருங்கள். அதுவும் நின்றபடி இல்லை, குனிந்து கோழியின் தலை உயரத்தில். கண் எரிந்தால் அம்மோனியா வந்துவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு அரை நிமிடம் எரிகிற காற்றைத்தான் கோழி ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறது.

நாற்றத்துக்குக் காரணம் எச்சம் அல்ல, ஈர எச்சம். தரையில் நெல் உமி, மரத்தூள் அல்லது தென்னை நார்க்கழிவை மூன்று நான்கு அங்குலம் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றால் ஈரம் அதிகம், அந்த இடத்துக் கூளத்தை அள்ளி மாற்றுங்கள். பெரும்பாலும் அது தண்ணீர்த் தட்டுக்கு அடியில்தான் இருக்கும். தட்டை ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தால் சிந்துவது குறையும். இரவில் கோழி அடைகிற கம்புக்குக் கீழே ஒரு பழைய சாக்கை விரித்து, காலையில் எச்சத்தோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். ஒரு நாள் எச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

பலர் ஈரக் கூளத்தின் மேலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவுகிறார்கள். அது அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும். முதலில் ஈரத்தை அள்ளிவிட்டு, காய்ந்த தரையில் சுண்ணாம்பு, அதன்மேல் புதுக் கூளம். அள்ளிய எருவைச் செடிக்கு அப்படியே போடாதீர்கள், வேர் கருகும். காய்ந்த இலைச் சருகோடு கலந்து மூடிப் போட்டு இரண்டு மாதம் மக்கவிட்டால் நல்ல உரம். மக்கியதில் ஒரு பை அந்தப் பக்கத்து வீட்டுச் செடிகளுக்கும் கொடுங்கள்.

கோழியால எலி வருது, பாம்பு வருது, கொசு வருதுன்னு புகார். உண்மையா?

எலி வருவது உண்மை, ஆனால் அது கோழிக்காக வருவதில்லை, சிந்திய தீவனத்துக்காக வருகிறது. எலி இருந்தால் பாம்பும் வரும். சாயங்காலம் கோழி தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் தீவனம் போடுங்கள், இருட்டுவதற்குள் மிச்சத்தை எடுத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணி வலை போட்டால் பெருச்சாளியும் கீரியும் உள்ளே வராது.

கொசு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். டெங்குக் கொசு தெளிந்த நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வீடு வீடாகக் கொசுப்புழு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் உங்கள் தட்டில் புழுவைக் கண்டால், அதுவரை இல்லாத புகாரும் அன்றைக்குப் பதிவாகிவிடும்.

எங்க கோழி பக்கத்துத் தோட்டத்துல போய்க் கிளறிடுச்சு. அவங்க பிடிச்சு வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறாங்க. அது சரியா?

அடுத்தவர் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்க 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வழிசெய்கிறது. அந்தச் சட்டத்தில் ஆடு, மாடு, குதிரை, யானை வரை உண்டு, கோழி இல்லை. அதனால் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. அறுத்துக் குழம்பு வைத்தால் அது திருட்டு.

ஆனால் அவருடைய கீரைப் பாத்தி நாசமானது உங்கள் கோழியால்தானே? நட்டத்தைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. போய் மன்னிப்புக் கேட்டு, நாற்றுக்குக் காசு கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஆறடி வலை கட்டுங்கள். ஒரு பக்க இறக்கையின் முதல் வரிசைப் பறக்கும் இறகுகளை மட்டும் கத்தரித்தால் வேலி தாண்டாது. வலிக்காது, இறகு உதிர்ந்து மறுபடி முளைக்கும்போது திரும்பக் கத்தரிக்க வேண்டும். இளம் இறகின் நடுத்தண்டில் ரத்தம் ஓடும், அதை மட்டும் தொடாதீர்கள்.

ரெண்டு கோழி ஒரே நாள்ல செத்துடுச்சு. விஷம் வச்சுட்டாங்கன்னு சந்தேகம். போலீஸுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். திடீர்ச் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளைக்கழிச்சல்தான். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் அது இரண்டு மூன்று நாளில் எல்லாவற்றையும் கொண்டுபோகும். செத்ததைப் புதைக்காமல் பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து எடுத்துப் போய் உடற்கூறாய்வு கேளுங்கள்.

விஷம் என்று உறுதியானால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்கீழ் விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆதாரம் இல்லாமல் பக்கத்து வீட்டின் பேரை எழுதிக் கொடுத்தால், கோழியும் போய் உறவும் போகும்.

மாநகராட்சில இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. கோழிய உடனே அப்புறப்படுத்தணுமா?

பதறாமல் மூன்று விஷயம் பாருங்கள்: எந்தச் சட்டப்பிரிவு, என்ன குறை, எத்தனை நாள் கெடு. குறை நாற்றம் என்றால் மேலே சொன்னபடி சரிசெய்து, தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சுகாதார ஆய்வாளரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். சுத்தமான கூண்டைப் பார்த்த பிறகு பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. சேவல் என்றால் அதை ஊருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதையும் பதிலில் எழுதுங்கள்.

ஆர்.டி.ஓ. கிட்ட மனு கொடுத்திருக்காங்களாம். கைது பண்ணுவாங்களா?

மாட்டார்கள். பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர் (ஆர்.டி.ஓ. அப்படி ஒருவர்) உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுதான் 133-ஆம் பிரிவு. முதலில் வருவது நிபந்தனை உத்தரவு: இதைச் சரிசெய், இல்லையென்றால் வந்து காரணம் சொல். கட்டாயம் போய்ச் சொல்லுங்கள். தொல்லை பொதுமக்களுக்கா, ஒரே ஒரு வீட்டுக்கா என்பது அங்கே முக்கியமான கேள்வி. ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை கேட்க வேண்டும். பொதுத் தொல்லைக்கான அபராதம் நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை.

போகாமல் இருந்துவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும். அதை மீறுவது தனிக் குற்றம். அலட்சியம் செய்யக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தில்தான்.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் வேண்டாங்கறார். ஃபிளாட்டா இருந்தா மொட்டை மாடில வைக்கலாமா?

வாடகை வீட்டில் ஒப்பந்தம்தான் பேசும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதில் பறவை, விலங்கு கூடாது என்று இருந்தால் கூடாதுதான். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஃபிளாட்டில் மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்கும் சொந்தமான பொதுப் பகுதி. சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் அங்கே கூண்டு வைக்க ஒருவருக்கும் தனி உரிமை கிடையாது. செல்லப்பிராணியைத் தடுக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியம் சொல்லியிருக்கிறதே என்பார்கள். அது முக்கியமாக வீட்டு நாய்களை மனத்தில் வைத்துச் சொன்னது, பொது மாடியில் கோழிக்கூண்டுக்கு உரிமை தருவதல்ல. உண்மையாகச் சொன்னால் ஃபிளாட் கோழிக்கு ஏற்ற இடமே அல்ல. கிளற மண் இல்லாத கோழி பாவம்.

பக்கத்து வீட்டுக்காரங்க சைவம். கோழி கண்ணுல படவே கூடாதுங்கறாங்க.

கோழி கண்ணில் படுவது மட்டும் சட்டப்படி தொல்லை ஆகாது. ஆனால் அவர்கள் ஜன்னலுக்கு நேராக அறுப்பது, இறகையும் குடலையும் வாய்க்காலில் போடுவது வேறு விஷயம். அறுப்பதைக் கறிக்கடையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு முருங்கையோ பந்தல் கொடியோ மறைப்பு வைத்தால் இருவருக்கும் நிம்மதி.

அரசாங்கமே பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு குடுக்குது. அப்புறம் மாநகராட்சி எப்படித் தடுக்கும்?

அந்தத் திட்டம் ஊரகப் பகுதியில் உள்ள ஏழைப் பெண்களின் வருமானத்துக்காக. குஞ்சு அரசு கொடுத்ததா, சந்தையில் வாங்கியதா என்பதைப் பார்த்து சுகாதார விதி மாறாது. இதை ஒரு வாதமாக நோட்டீஸ் பதிலில் எழுதாதீர்கள்.

சண்டைச் சேவல் ஒண்ணு ஆசையா வளர்க்கறேன். அது குத்தமா?

அசீல் இனத்தை வளர்ப்பது குற்றமில்லை. சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சேவல் சத்தம் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் உண்டு.

பறவைக் காய்ச்சல் வந்தா எங்க வீட்டுக் கோழியையும் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா?

நோய் உறுதியான இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்தால், ஆம். தேசியச் செயல்திட்டப்படி அந்த வட்டத்துக்குள் பண்ணை, வீடு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாக் கோழியும் வாத்தும் அழிக்கப்படும். அதற்கு இழப்பீடு உண்டு, ஒளித்து வைத்தால் கிடைக்காது. பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடக்கும். உங்கள் கோழிகளின் எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லுங்கள், அது உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பும்கூட.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தவறவிடாதீர்கள். போட்டதற்கு மருத்துவமனையில் எழுதி வாங்கி வைத்தால், "நோய் பரப்புறாங்க" என்கிற புகாருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அப்புறம், கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

நாங்க வீடு கட்டினப்ப சுத்தி வயல்தான். அப்பவே கோழி இருந்தது. இப்ப மனை வாங்கி வந்தவங்க புகார் சொல்றாங்க. முன்னாடி வந்தவங்களுக்கு உரிமை இல்லையா?

புறநகரில் அதிகம் மனம் நோகிற கேள்வி இதுதான். பிரான்சில் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் கூவுவது தொல்லை என்று, விடுமுறைக்கு அங்கே வீடு வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் நீதிமன்றம் சேவல் பக்கம் நின்றது. 2021-ல் கிராமப்புற ஒலியையும் வாசனையையும் பாதுகாக்க அங்கே சட்டமே வந்தது.

நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்பது தொல்லை வழக்கில் தனியாக வெல்லும் வாதமல்ல. பொதுத் தொல்லை எத்தனை ஆண்டு நடந்தாலும் உரிமையாக மாறாது. இது எனக்கும் வருத்தம்தான். வயலைக் கூறுபோட்டு விற்கும்போது பக்கத்து வீட்டில் ஆடு, கோழி இருப்பதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அங்கே வளர்த்ததற்கு ஆதாரம், தடுப்பூசிச் சீட்டு, மற்ற வீட்டார் நாலு பேரின் கையெழுத்து இருந்தால் விசாரணையில் எடை இருக்கும். கோழி அங்கே இருப்பது ஒரு வீட்டைத் தவிர யாருக்கும் தொல்லையில்லை என்று அது காட்டும். கூடவே சேவலை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயார் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பெட்டைகளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான்.